தேங்காய் நிற்காத இடம்

முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவனுக்கு உட்கார்ந்து பாடம் கேட்பது லேசில் வராது. ஆனாலும் கேட்டேன். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை பதினொரு மணிக்கு, மொபைலை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு. பரீட்சை கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற பெரியவர்களுக்கு என்று போட்டிருந்தார்கள். சென்னையில் இருக்கும் என் மகள்தான் சேர்த்துவிட்டாள். ரிட்டயர் ஆன பிறகு அப்பா டிவி செய்தி வாசிக்கிறவனோடு சண்டை போடுகிறார் என்று அவளுடைய அம்மா போனில் புகார் சொல்லியிருக்கிறாள். வானம், பறவைகள், பழைய எழுத்து, சமையலில் இருக்கும் ரசாயனம் என்று பத்துப் பன்னிரண்டு தலைப்புகள் இருந்தன. நான் ‘மண்ணுக்குக் கீழே’ என்பதைச் சொன்னேன். ஏன் அது என்று மகள் கேட்டாள். சும்மாதான் என்றேன்.

சும்மா இல்லை. நான் நீரோட்டம் பார்க்கிறவன். குடுமியோடு உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கப் போட்டுக்கொண்டு வெள்ளாமைக் காட்டில் மெதுவாக நடக்க வேண்டும். கீழே தண்ணீர் ஓடுகிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து குடுமி மேலே பார்க்க நிற்கும். அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் தடவிவிட்டால் போர் போடுகிற வண்டி வந்து அந்தக் கல் இருந்த இடத்திலேயே துளை போடும். எல்லார் கையிலும் தேங்காய் எழாது. ஓ பாசிட்டிவ் ரத்தமாக இருக்க வேண்டும் என்பார்கள். டிப்போவில் ரத்ததானம் கொடுத்தபோது என் ரத்தம் ஓ பாசிட்டிவ் என்று தெரிந்தது, அன்றைக்குப் பிடித்த சனி. இதற்குக் காசு வாங்கக் கூடாது, வாங்கினால் கைராசி போய்விடும். ஒரு வேளைச் சாப்பாடும் வெற்றிலைபாக்கும்தான். டிக்கெட் கொடுக்கும்போதே, “அண்ணே, ஒருநா நம்ம காட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்க” என்று சொல்லிவிடுவார்கள்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேங்காய் நிஜமாகவே எழும். என் விரல்தான் அதைத் தள்ளுகிறதோ என்று நானே பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

சொந்த ஊர் தா.பழூர். முதல் பாதி சர்வீஸ் அந்தப் பக்கத்து பஸ்களில். அங்கே நான் கல் நட்ட இடமெல்லாம் தண்ணீர் கொட்டியது. பிறகு பெரம்பலூருக்கு மாற்றல் வந்தது, இங்கேயே வீட்டைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். எனக்கு முன்னாலேயே என் பெயர் பெரம்பலூருக்கு வந்து சேர்ந்திருந்தது.

முதல் வகுப்பில் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர், மதுரையில் இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஓய்ந்த ஒரு அம்மா, துபாயில் கிரேன் ஓட்டுகிற ஒருவர், இப்படி முப்பது பேர் இருக்கும். என் முறை வந்தபோது மளமளவென்று பேசி முடித்தேன். மியூட்டில் பேசியிருக்கிறேன். “சார், திரும்ப ஒருமுறை சொல்லுங்க” என்றார் பாடம் நடத்துகிற மேடம். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி முப்பது வருஷம் கத்திய தொண்டை! இரண்டாவது தடவை, ரிட்டயர்டு கண்டக்டர், பெரம்பலூர் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். தேங்காயைப் பற்றி மூச்சு விடவில்லை.

மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நிலத்தடி நீர் பற்றி ஆராய்ச்சி செய்தவர். இரண்டாவது வாரம் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லி ஒரு வேலை கொடுத்தார். ஒரு டம்ளர் நிறைய மணல், பக்கத்தில் ஒரு முழுக் கருங்கல். இரண்டின் மேலும் தண்ணீர் ஊற்றி எது எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள் என்றார். நான் வீட்டு ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப்போட்டு அதன் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். மணல் பாதி டம்ளர் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டது. கல்லிலிருந்து எல்லாம் வழிந்து என் மனைவியின் காலடிக்குப் போனது. “இதக் கத்துக்கத்தான் அறுபத்திரெண்டு வயசுல பள்ளிக்கூடமா? எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே” என்றாள்.

அவள் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு மேடம் தமிழ்நாட்டுப் படத்தைப் போட்டு, எங்கே கீழே மணல், எங்கே கீழே பாறை என்று நிறம் காட்டினார். கொள்ளிடத்தை ஒட்டிய பக்கம், அரியலூருக்குக் கிழக்கே, தா.பழூர் எல்லாம் ஒரு நிறம். அங்கே தண்ணீர் மணலுக்கு இடையே பரவி நிற்கிறது. பெரம்பலூர் டவுன், குரும்பலூர், மேற்கே, வடக்கே எல்லாம் வேறு நிறம். பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால் அதில் தண்ணீர் இருக்கும். வெடிப்பு எங்கே என்று மேலே நின்று சொல்ல முடியாது.

அன்றைக்குப் பார்த்துப் பல் டாக்டர் கேட்டார். “மேடம், எங்க ஊர்ல தேங்காய் வெச்சு நீரோட்டம் பாப்பாங்க. அது உண்மையா?” முப்பது பேரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் மொபைலை மூடி வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

“நான் கேலி பண்ண மாட்டேன். ஒரே ஒரு கேள்விதான். தேங்காய் நின்ன இடத்துல தோண்டுறோம், தண்ணி வருது, சரி. தேங்காய் நிக்காத இடத்துல யாராவது தோண்டிப் பாத்திருக்கீங்களா?” என்றார்.

அட, அதை ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள். நிற்காத இடத்தில் எவன் தோண்டுவான்?

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் கல் நட்ட இடங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஊர், எத்தனை அடி, எத்தனை இஞ்ச் தண்ணீர் என்று. எடுத்துப் புரட்டினேன். ஒன்றுகூடத் தோற்றதில்லை. கொஞ்ச நேரம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் புரிந்தது, தண்ணீர் வந்தவன் ஸ்வீட்டோடு வந்து சொல்லியிருக்கிறான், நான் எழுதியிருக்கிறேன். வராதவன் எதற்கு வந்து சொல்லப்போகிறான்? நானும் கேட்கவில்லை. பெரம்பலூர் வந்த பிறகு எழுதிய பக்கங்கள் மட்டும் மெலிந்து கிடந்தன. இத்தனை வருஷமாக அது என் கண்ணில் படவே இல்லை.

அந்த வாரத்து வீட்டுப்பாடம் தோதாக அமைந்தது. உங்கள் பக்கத்தில் பத்து போர்களைப் போய்ப் பாருங்கள், ஆழம் என்ன, தண்ணீர் உண்டா என்று கேட்டு எழுதுங்கள் என்றிருந்தார் மேடம். நான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து போவது இன்னும் எனக்குப் பழகவில்லை, டிரைவர் பிரேக் போட்டால் கை தானாக விசிலைத் தேடுகிறது.

தா.பழூரில் நான் முதன்முதலில் பார்த்துக் கொடுத்த வயலுக்குப் போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. வயல்காரர் என்னைக் கண்டதும் வரப்பில் ஓடி வந்தார். “நீங்க வெச்ச புள்ளிதாண்ணே, இன்னிக்கு வரைக்கும் நின்னதில்ல” என்றார். சந்தோஷம் என்றேன். பக்கத்து வயலில் யார் பார்த்தது என்று கேட்டேன். “அவன் யாரையும் கூப்புடல. மோட்டார் ரூமுக்குக் கிட்டக்க வசதியா இருக்கட்டும்னு போட்டுக்கிட்டான்” என்றார். தண்ணீர்? “ஏன் வராம? இங்கதான் எங்க குத்துனாலும் வருமே” என்றார். அவருக்கு அதில் ஒன்றும் முரணாகத் தெரியவில்லை. எங்கே குத்தினாலும் வரும் ஊரில் தேங்காயைத் தூக்கிக்கொண்டு நான் கொடி கட்டிப் பறந்திருக்கிறேன்.

மறுநாள் ரஞ்சன்குடி. கோட்டைக்குத் தெற்கே ஒரு மக்காச்சோளக் காடு. நான் பார்த்துக் கொடுத்த இடத்தில் அந்த மனிதர் எழுநூறு அடி போயிருக்கிறார். தண்ணீருக்குப் பதில் வெள்ளைப் பாறைப் பொடி பறந்திருக்கிறது. என் மேல் எரிந்து விழுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் டீ வாங்கி வரச் சொன்னார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “ஏங்க எங்கிட்ட சொல்லல?” என்றேன். “அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? கைராசிக்காரர் கையே எங்க காட்டுல எடுபடலன்னா எங்க ராசி அப்படி” என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். டீயைக் குடிக்க முடியவில்லை.

இன்னும் மூன்று இடத்துக்குப் போனேன். மூன்றிலும் இதே பேச்சு. எங்கள் பக்கத்தில் போர் பொய்த்தால் நீரோட்டம் பார்த்தவனை ஒருவரும் குற்றம் சொல்வதில்லை. நிலத்துக்காரனின் ராசி, அவன் பெண்டாட்டியின் ராசி, வாசல் வைத்த திசை, இப்படிப் போகும் பேச்சு. நான் தப்பித்து வந்தது அதனால்தான். எனக்கு என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இந்தச் சமயத்தில்தான் தங்கை போன் செய்தாள். எனக்கு ஒரே தங்கை, குரும்பலூரில் கட்டிக் கொடுத்தது. ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு, சின்ன வெங்காயமும் பருத்தியும் போடுவார்கள். “அண்ணே, ரெண்டு கறவ மாட்டயும் வித்துட்டேன். ஒரு போரு போட்டுரலாம்னு இருக்கேன். இந்த வாரம் வந்து பாத்துக் குடுத்துட்டுப் போ” என்றாள்.

மாடுகள்தான் அவளுக்கு மாதச் சம்பளம். அதை விற்றாள் என்றால் ஒரு போர்தான், இரண்டாவதற்கு வழியில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்தக் காட்டில் மச்சான் உயிரோடு இருந்தபோது நான் இரண்டு முறை கல் நட்டிருக்கிறேன். இரண்டும் வறண்டன. அந்த இரண்டையும் நான் நோட்டில் ஏற்றவே இல்லை. இரண்டாவது போருக்குப் பிறகு மச்சான் வெள்ளாமையைத் தங்கையிடம் விட்டுவிட்டு டவுனில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நாலு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. “உங்க கையைக் குத்தம் சொல்ல முடியுமா மச்சான், நான் தொட்டது எதுதான் வெளங்குச்சு” என்பார். நானும் ஆறுதலாகத் தலையை ஆட்டியிருக்கிறேன். மகா பாவி.

இந்த முறை தேங்காயை எடுத்துப் போகவில்லை. நோட்டையும் பேனாவையும் கொண்டுபோய் தங்கை காட்டைச் சுற்றியுள்ள போர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, ஒரு படம் வரைந்தேன். ஒன்பது போர். ஏழு வறட்சி. தண்ணீர் இருக்கிற இரண்டும் பழைய ஓடையை ஒட்டி அந்தப் பக்கம் கிடக்கின்றன, தங்கை காட்டிலிருந்து ரொம்பத் தள்ளி.

அடுத்த வகுப்பில் அந்தப் படத்தை மொபைலுக்கு நேரே தூக்கிக் காட்டினேன். காட்டிவிட்டு, நான்தான் தேங்காய் வைத்துப் பார்க்கிறவன் என்பதையும் சொன்னேன். இந்தத் தடவை மியூட் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது. மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு ஒழுங்கா யாரும் பண்ணல சார். இங்கேருந்து உறுதியாச் சொல்ல முடியாது. கருவி வெச்சுப் பாக்கலாம். ஆனா இந்தப் படத்த மட்டும் வெச்சுக் கேட்டீங்கன்னா, என் காசா இருந்தா நான் அங்க போட மாட்டேன்” என்றார்.

அன்று மதியமே குரும்பலூர் போய் தங்கையிடம் போடாதே என்றேன். படத்தைக் காட்டினேன். மணல், பாறை, வெடிப்பு எல்லாம் சொன்னேன். கருவி வைத்துப் பார்க்கிறவர்களை நானே கூட்டி வருகிறேன் என்றேன். அவள் வெங்காயத்தாளை அரிந்துகொண்டே கேட்டாள்.

“மெஷின் வெச்சுப் பாத்தவங்க காட்டுலயுந்தான் பொடி பறந்துச்சு. நீ தேங்கா கொண்டாரலயா?”

“தேங்காயில ஒண்ணும் இல்ல பாப்பா. அது எங்க வேணா நிக்கும்.”

அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊரு ஊராப் போயி பாத்துக் குடுத்த. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் கை வரலையா? முன்ன ரெண்டு தடவ வரலன்னு ஒனக்கு பயம். கெட்ட பேரு வந்துரும்னு பாக்குற.”

“கெட்ட பேரு வந்தா வந்துட்டுப் போவுது. மாட்ட வித்த காசு புழுதியாப் போயிரும், அதான் சொல்றேன்.”

“போனா என் காசு” என்றாள். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை.

அவள் துறையூர்ப் பக்கத்திலிருந்து வேறொருவரைக் கூட்டி வந்தாள். அவர் தேங்காய்க்குப் பதில் வேப்பங்குச்சியைப் பிடித்து நீரோட்டம் பார்க்கிறவர். காட்டின் வடகிழக்கு மூலையில் கல் நட்டார். போர் வண்டி வருகிற நாளை மனைவி மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். கூப்பிடாத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஆனாலும் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது துளை நூற்றைம்பது அடி போயிருந்தது. தங்கை, அவளுடைய கொழுந்தன், அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துக் கும்பிட்ட இடம் அதற்குள் வெள்ளையாகிவிட்டது. துளைக்கிற இரும்புக் கம்பு ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கியது. நானூறில் லேசாக ஈரம் தட்டியது, எல்லோரும் கிட்டே போனார்கள், பத்தடியில் அதுவும் நின்றது. நான் பாடம் படித்தவன், வராது என்று சொன்னவன். ஆனால் உள்ளுக்குள் வந்துவிடு, வந்துவிடு என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். நான் மடையனாகப் போனாலும் சரி, வரட்டும். எண்ணூறு அடியில் வண்டிக்காரர் தங்கையைப் பார்த்து, “என்னம்மா, போடவா, நிறுத்தவா?” என்று சத்தம் போட்டுக் கேட்டார். அவள் கையைக் காட்டினாள். நிறுத்தியாயிற்று.

இன்ஜின் சத்தம் அடங்கியதும் கொழுந்தன் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. “எங்கண்ணனுக்கும் ராசி இல்ல, அண்ணிக்கும் இல்ல. கால் வெச்ச நேரம் அப்படி. இந்த வூட்டுக்குத் தண்ணி எழுதல.” அவன் கெட்டவன் இல்லை. துக்க வீட்டில் நாலு வார்த்தை பேசுகிற மாதிரிதான் பேசினான்.

தங்கை தலை குனிந்து நின்றாள். முகமெல்லாம் பாறைப் பொடி. எனக்குப் பொறுக்கவில்லை. கண்டக்டர் தொண்டை எங்கேயும் போய்விடவில்லை, அது வந்துவிட்டது.

“ராசியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! கீழ பாறை. வெடிப்பு இல்லாத பாறை. யாரு காலு வெச்சாலும் வராது, யாரு கை வெச்சாலும் வராது. நான் முப்பது வருசமா பாத்தேனே, தா.பழூர்ல எங்க குத்துனாலும் வரும், அதுல பேரு வாங்குனேன். இங்க பாத்ததெல்லாம் குருட்டாம்போக்கு. பொய்ச்சதுல ஒண்ணுகூட உங்க ராசி இல்ல, எனக்குத் தெரியாததுதான்” என்றேன்.

போர் வண்டிக்காரர்தான், “அண்ணே, இப்படிப் பேசி எங்க பொழப்பக் கெடுத்துராதீங்க” என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, “கூடப் பொறந்தவளுக்காகப் பேசுறீங்க, பேசணும்ல” என்றார். ஒருவரும் நம்பவில்லை. முப்பது வருஷம் தெரியாததைச் சொன்னேன், நம்பினார்கள். தெரிந்ததைச் சொன்னால் பாசம் என்கிறார்கள்.

வண்டி கிளம்பியது, ஆட்கள் கலைந்தார்கள். தங்கை குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“நெசமாவா சொன்ன? இல்ல எனக்காகச் சொன்னியா?”

“நெசமாத்தான்.”

“அப்ப அவரு போட்ட ரெண்டு போரும்?”

“அதுவும் பாறைதான். மச்சான் ராசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பொடியும் ஈரமும் சேர்ந்து அப்பிக்கொண்டது.

“தான் தொட்டது வெளங்காதுன்னு சொல்லிச் சொல்லியே அந்த மனுசன் வெங்காய வெதயக்கூடத் தன் கையால நட மாட்டாரு, என்னயத்தான் நடச் சொல்லுவாரு. சாவுற வரைக்கும். ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லியிருக்கலாம்லண்ணே.”

“அப்ப எனக்குத் தெரியாது பாப்பா” என்றேன்.

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல” என்றாள்.